குழந்தை வண்டியின் கைப்பிடிக் கம்பி

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குப் பிரெஞ்சில் 'பூசெத்' என்று பெயர். 'பூசே' என்றால் தள்ளு. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் ஒன்றும் அந்நியமில்லை. நம் பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரும் உள்ளூர்க் கனவான்களும் ஏறிப்போன 'பூஸ்பூஸ்' வண்டி இதற்கு அக்காள் முறை. சென்னைப் பட்டணத்தில் ரிக்‌ஷாவை முன்னால் நின்று இழுத்தார்கள் என்றால், நம் ஊரில் அதைப் பின்னால் நின்று தள்ளினார்கள். உட்கார்ந்திருப்பவர் முன்சக்கரத்தோடு சேர்ந்த நீளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போகும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அஞ்சலட்டைப் படங்களில் இன்றும் பார்க்கலாம். தமிழில் நாம் அதைப் புஷ் வண்டி என்றோம். திசை ஒருவர் கையில், தள்ளுவது இன்னொருவர். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும்.

பேச வந்தது புஷ் வண்டியைப் பற்றி அல்ல, குழந்தை வண்டியைப் பற்றி. அதிலும் அதன் கைப்பிடியில் இருந்து கீழே பின்சக்கரத்துக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியைப் பற்றி. சுண்டு விரலில் பாதி மொத்தம்கூட இராது. அது என்னை ஒரு மாதம் தூங்கவிடாமல் படுத்தியதால் இதை எழுதுகிறேன்.

பிரான்சிலிருந்து மகள் தன் பிள்ளையோடு வந்திருந்தாள். கூடவே ஒரு பூசெத்தும் வந்தது. கைப்பிடியில் ஒரு நெம்புகோல். அதை அழுத்தினால் 'க்ளிக்' என்ற சத்தம். உடனே பின்சக்கரம் இரண்டிலும் ஊசி போன்ற ஒரு முளை இறங்கிப் பல்லில் மாட்டிக்கொள்ளும். வண்டி அசையாது. குனிய வேண்டாம், காலால் மிதிக்க வேண்டாம். முழங்கால் தேய்ந்த தாத்தாக்களுக்கென்றே செய்தது போல் இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சாய்தளம் உண்டு. திண்ணையில் தொடங்கித் தெருவில் முடியும். தினமும் காலையில் பேரனை வண்டியில் உட்கார வைத்து, அந்தச் சாய்தளத்தின் தலைமாட்டில் நிறுத்தி, க்ளிக் செய்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிப்பேன். அவன் போகிற வருகிற மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் பார்ப்பான்.

இரண்டு வாரம் போயிருக்கும். "அந்தப் பிடி என்னமோ தொளதொளன்னு இருக்கு, பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன். நெம்புகோலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றினேன். கம்பி இறுகிவிட்டது. பிடி பழையபடி விறைப்பாக நின்றது. வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து மறுபடி தொளதொளப்பு. மறுபடி இரண்டு சுற்று. எனக்கு என் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தியபின் காந்தி சிலைப் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கைப்பிடி ஓரத்தில் சுருக்கென்று ஏதோ குத்தியது. மீன் முள் ஏறியது போல ஒரு வலி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். விளக்குக் கம்பத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். நெம்புகோலுக்குள் கம்பி நுழையும் இடத்தில் ரப்பர் மூடியைத் தாண்டி முடி போல ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தது. மூடியை நகத்தால் தள்ளினேன். ஒன்றல்ல, ஒரு கற்றையே பிய்ந்து தென்னந்துடைப்பம் போல விரிந்து கிடந்தது.

"விடுங்கப்பா, டேப் சுத்திக்கலாம். ஊருக்குப் போய்ப் புதுசு வாங்கிக்கறேன்" என்றாள் மகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிலிருந்து வண்டியைச் சாய்தளத்தில் நிறுத்தவில்லை. மறுநாள் அதை மடித்து ஆட்டோவில் ஏற்றி முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன்.

கடைக்காரரைப் பற்றிச் சொல்வதற்கு முன் இந்தக் கம்பியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நான் தேடிப் படித்தது அதைத்தான்.

இழைகளை முறுக்கிச் செய்த இரும்புக் கயிறு முதலில் சுரங்கத்தில் பிறந்தது. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் கிளவுஸ்தால் என்று ஓர் ஊர். அங்கே வெள்ளி, ஈயச் சுரங்கங்கள். கனிமத்தை மேலே இழுக்கச் சணல் வடம் போட்டால் ஈரத்தில் அழுகும். இரும்புச் சங்கிலி போட்டால் ஒரே ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மொத்தப் பாரமும் பாதாளத்துக்குப் போய்விடும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் அங்கே சுரங்கத் துறை அதிகாரி. பொறியியல் படித்தவர் அல்ல, சட்டம் படித்து அரசு வேலைக்கு வந்தவர். (நம் ஆள்!) ஒரு சங்கிலியைத் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி இறக்கினால், ஒரே தடவையில் தாங்குகிற பாரத்தைக்கூட நாளடைவில் தாங்காமல் அறுந்துபோகிறது என்பதை 1829 வாக்கிலேயே சோதனை செய்து பார்த்தவர். உலோகம் களைத்துப்போவதைப் பற்றி முதலில் ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1834-இல் அவர் இரும்புக் கம்பிகளைக் கயிறு போல முறுக்கினார். நாலு கம்பி சேர்ந்து ஒரு புரி, மூன்று புரி சேர்ந்து ஒரு கயிறு. அதே வருஷம் அதைச் சுரங்கத்தில் கட்டி இழுக்கத் தொடங்கினார்கள்.

இதில் முக்கியமான விஷயம் பலம் மட்டுமல்ல. பன்னிரண்டு கம்பியில் ஒன்று அறுந்தால் மற்ற பதினொன்று தாங்கும். அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வேலையாள் பார்ப்பான், மேஸ்திரியிடம் சொல்வான். சங்கிலி எச்சரிக்காது, கம்பிக் கயிறு எச்சரிக்கும். இன்றைக்கும் பாரந்தூக்கியிலும் லிஃப்டிலும் ஆய்வுக்கு வருபவர்கள் அறுந்த இழைகளை எண்ணித்தான் கயிற்றை மாற்றச் சொல்கிறார்கள்.

இனி குழந்தை வண்டிக் கம்பி. இதை உலகம் முழுக்க 'போடன் கேபிள்' என்கிறார்கள். ஒரு மெல்லிய இரும்புக் கயிறு. அது ஒரு குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். குழாயும் சாதாரணக் குழாய் அல்ல. கெட்டிக் கம்பியை ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுற்றிச் செய்தது. வளையும், ஆனால் நசுங்காது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறது. துணிக்குப் பதில் சுருங்கவே மறுக்கும் உறை இருந்தால் என்ன ஆகும்? இந்த முனையில் இழுத்த இழுப்பு சிந்தாமல் சிதறாமல் அந்த முனைக்குப் போய்ச் சேரும். நேராகப் போக வேண்டியதில்லை, கப்பி வேண்டியதில்லை. வளைத்து, நெளித்து, குழாய்க்குள் நுழைத்து எப்படி வேண்டுமானாலும் கொண்டு போகலாம்.

கண்டுபிடித்தவர் எர்னஸ்ட் மானிங்டன் போடன். அயர்லாந்தில் பிறந்து லண்டனில் இருந்தவர். 1896-இல் காப்புரிமை வாங்கினார். 1904-இல், நாற்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார். ஆனால் பல இடங்களில் இந்தப் பெருமையை வேறொரு போடனுக்கு எழுதியிருக்கிறார்கள். அவர் சர் ஃபிராங்க் போடன், ராலே சைக்கிள் கம்பெனியின் ஸ்தாபகர். ஹாங்காங்கில் சம்பாதித்து, உடம்பு கெட்டுத் திரும்பி, வைத்தியர் சொன்னதால் சைக்கிள் ஓட்டித் தேறி, அந்தச் சைக்கிளைச் செய்த நாட்டிங்ஹாம் பட்டறையையே வாங்கியவர். பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் கம்பி அவருடையது அல்ல.

நான் பார்த்த வேலையில் பெயர்க் குழப்பம் தினசரி விவகாரம். பிரெஞ்சு ஆட்சியில் எழுதிய 'எத்தா சிவில்' ஏடுகளில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒருவருடைய பென்ஷன் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் எர்னஸ்டுக்கு நேர்ந்தது எனக்கு உறைத்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் தேசத்தில் ராலே என்றாலே நினைவுக்கு வருவது கம்பி பிரேக்தான், அதாவது கெட்டியான இரும்புக் கோல்களை மூட்டு மூட்டாகக் கோத்த பிரேக். பிற்பாடு அசன்சோலில் சென்-ராலே தயாரித்ததும் அதுதான். கேபிளைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் மனிதரின் சைக்கிளில் நம் ஊர்க்காரர்கள் கேபிளைப் பார்த்ததே அபூர்வம்.

நாம் அதை வேறு இடங்களில் பார்த்தோம். குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனால், போட்டோக்காரர் கறுப்புத் துணிக்கு வெளியே வந்து கையில் ஒரு மெல்லிய வளையும் குழலைப் பிடித்துக்கொண்டு 'அசையாதீங்க' என்பாரே, அந்தக் குழலும் இதே ஜாதி. அங்கே இழுப்பதற்குப் பதில் அழுத்துவார். பிறகு மோபெட் வந்தது. நான் அலுவலகம் போனது சுவேகாவில். பிரான்சின் மோபிலெத் வண்டியின் உரிமம் வாங்கித் திருப்பதியில் செய்தது. ஆக்ஸிலேட்டர் ஒயர், பிரேக் ஒயர் எல்லாம் போடன் வம்சம். ஸ்கூட்டர் வைத்திருந்த நண்பர்களுக்குக் கியர் ஒயர், கிளட்ச் ஒயர் என்று இன்னும் கூடுதல் உறவினர்கள். நடுரோட்டில் கிளட்ச் ஒயர் அறுந்து, சீட்டுக்கடியில் இருந்து உபரி ஒயரை எடுத்துக் கையெல்லாம் கிரீஸாக நிற்காதவர் நம் வயதில் யார்?

குழந்தை வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1733 வாக்கில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதை ஆடு இழுக்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் அது ஆயாக்கள் தள்ளும் பெரிய பிராம் ஆயிற்று. பாதி நாற்காலி, பாதி கட்டில், தூக்க இரண்டு ஆள். அதைக் கையில் தூக்கும் பொருளாக மாற்றியவர் ஓவன் மக்லாரன். ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மடங்கும் சக்கரக் கால்களில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து மகள் பேரக்குழந்தையோடு வந்தபோது, கூட வந்த கனத்த வண்டி படுத்திய பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரம் மடங்குகிறதே, இது மடங்கக் கூடாதா என்று அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1967-இல் விற்பனை. குடை போல மடங்கும், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அவரும் ஓய்வுபெற்ற தாத்தா என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பேரன் வண்டிக்கு நான் செய்த ஒரே காரியம் திருகைச் சுற்றியது.

பிறகு வந்த வண்டிகளில் பிரேக்கும் மடக்கும் பூட்டும் ஒவ்வொன்றாகக் கைப்பிடிக்கு ஏறின. கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழங்கை, இரண்டு வளைவு. அந்தக் குழாய்க்குள் புகுந்து போகப் போடன் கம்பியை விட்டால் வேறு நாதியில்லை.

இப்போது சைக்கிள் கடை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என் சுவேகாவுக்கு ஒயர் மாற்றிய கை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, கைப்பிடி மூடியைக் கழற்றி, கம்பியை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, இந்தத் திருகை யார் முறுக்கினது?"

"நான்தான் தம்பி. லூசா இருந்துச்சு."

"ஒயர் நீளுதுன்னா ஒண்ணு உறை அமுங்கணும், இல்ல இழை அறுக்கணும். இழை ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே வந்திருக்கு. நீங்க மிச்சத்தை இறுக்கிக்கிட்டே வந்திருக்கீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு உறையைச் சோதிக்கப் போய்விட்டார். சட்டைப்பையில் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணினேன். மொத்தம் பத்தொன்பது இழை. அறுபடாமல் இருந்தது ஆறு. நெம்புகோலுக்குள் உட்காரும் ஈயக் குண்டுக்கு ஒரு விரற்கடை கீழே, கம்பி முதலில் வளையும் இடத்தில், பதின்மூன்று அறுந்திருந்தன. சிலதின் முனை துருப்பிடித்திருந்தது. அவை பழைய காயம். சிலது வெள்ளி போல மின்னின. அவை நான் திருகிய பிறகு அறுந்தவை.

அந்த ஆறு இழையை நம்பித்தான் பேரனைச் சாய்தளத்தின் தலைமாட்டில் நிறுத்திவிட்டு நான் செய்தித்தாளில் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன். சாய்தளம் முடியும் இடத்தில் தெரு. தெருவில் தண்ணீர் லாரி போகும்.

பள்ளியில் எங்களுக்கு 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். ஆசிரியர் ஒரு சாவியையோ மெழுகுவர்த்தியையோ மேஜைமேல் வைப்பார். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், தொட வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். நான் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். கையில் கிடந்த கம்பியைப் பார்த்தபோது அது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. ஆல்பர்ட்டின் கயிறு வெட்டவெளியில் தொங்கியது. இழை அறுந்தால் யார் கண்ணிலாவது படும். எர்னஸ்ட் போடன் செய்த உபகாரம் அந்தக் கயிற்றுக்கு உறை போட்டது. பிரெஞ்சில் அந்த உறைக்கு 'கென்' என்பார்கள், கத்தியின் உறைக்கும் அதே சொல்தான். உறை போட்டதால் கம்பி எங்கே வேண்டுமானாலும் வளைந்து போக முடிந்தது. அதே உறைதான் அறுந்த இழையை மறைத்துவிட்டது. தெரியும் இடம் இரண்டே இரண்டு: கம்பி உறைக்குள் நுழையும் முனை, வெளியே வரும் முனை. அங்கேயும் அழகுக்கு ஒரு ரப்பர் மூடி. மற்றபடி அது நம்மிடம் பேச இருக்கும் ஒரே வழி அந்தத் தொளதொளப்பு. அதையும் வாயடைக்கத்தான் நான் திருகைத் திருகினேன். லிஃப்டில் கயிறு அறுந்தால் பெட்டியைத் தானே பிடித்துக்கொள்ளும் பூட்டை எலிஷா ஓடிஸ் 1854-இலேயே நியூயார்க்கில் கயிற்றை வெட்டிக் காட்டினார். எங்கள் வண்டியில் ஏற்பாடு தலைகீழ். இழுத்தால்தான் முளை இறங்கும். அறுந்தால் முளை மேலே ஏறிக்கொள்ளும், சக்கரம் உருளும்.

பழுது பார்த்த விதத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். கடைக்காரர் முதலில் சைக்கிள் பிரேக் ஒயரை எடுத்துப் பார்த்தார். அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மொத்தம், குண்டும் பெரிது, நெம்புகோல் குழியில் உட்காரவில்லை. குண்டை அரம் போட்டுத் தேய்த்துவிடலாமே என்றேன். "மோபெட்டுக்குச் செய்வேன் ஐயா. குழந்தை வண்டிக்குச் செய்ய மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிறகு கியர் சைக்கிளுக்கு வரும் மெல்லிய ஒயர், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன் சின்னக் குண்டு குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய உறையை விளக்கில் பிடித்துப் பார்த்து, உள்ளே துரு பொடிப்பொடியாகக் கொட்டியதால், அதையும் மாற்றினார். நம் கடற்கரைக் காற்றுக்கு இரண்டு மாதம் போதும். பழைய உறையின் பக்கத்தில் புதியதை வைத்து அதே நீளத்துக்கு வெட்டி, வெட்டிய வாயை அரத்தால் மழுக்கினார். மழுக்காவிட்டால் அந்த முனையே கம்பியை அறுக்குமாம். உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய். கீழ் முனையில் வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் பற்ற வைத்துவிட்டு அப்புறம் வெட்டினார், இழை பிரியாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் கடைசியில் திருகை முழுதும் உள்ளே இறக்கி, அங்கிருந்து கணக்குப் பார்த்து ஒரு சுற்று மட்டும் வெளியே எடுத்தார். கடை வாசல் சரிவில் வண்டியில் ஒரு அரிசி மூட்டையை வைத்து, பிரேக் போட்டு, நெம்புகோலை இருபது தரம் போட்டு எடுத்தார். நானும் குனிந்து இரண்டு சக்கரத்திலும் முளை இறங்குகிறதா என்று பார்த்தேன்.

நூற்றைம்பது ரூபாய் கேட்டார். இருநூறு கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், திருகு விஷயம் உட்பட. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காலையில பேப்பர் படிக்கறப்ப அவனை மடியில வெச்சுக்குங்கப்பா" என்றாள். ஊருக்குப் போகும்வரை அப்படியேதான் செய்தேன். அவன் தலையங்கப் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கிழிப்பான்.

பழைய கம்பி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வண்டி இப்போது பிரான்சில். மாதம் ஒருமுறை ரப்பர் மூடியைத் தள்ளி அந்த முனையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கைப்பிடி, நெம்புகோல், பளபளவென்று பிசிறில்லாமல் ஒரு விரற்கடை கம்பி. கீழே ஓர் ஓரத்தில் பேரனின் தொப்பி மட்டும் தெரிந்தது. முகம் தெரிகிற மாதிரி இன்னொன்று கேட்டு வாங்கினேன்.